மே மாதத்து ரசீதுக்கு எந்த நிரல் பொறுப்பு?

2018 மே 16ஆம் தேதி மலேசிய அரசியல் தலைவர் அன்வார் இப்ராஹிம் அரச மன்னிப்புப் பெற்று விடுதலையானார். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் எந்த மேசையிலும் அதே பேச்சு. அன்றைக்கே நிதியமைச்சு இன்னோர் அறிவிப்பையும் வெளியிட்டது: 6 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி, ஜூன் 1 முதல் 0 விழுக்காடு. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிற எங்களைப் போன்றவர்கள் அதை இரண்டு முறை படித்தோம். கையில் இருந்தது அரை மாதம். மறுநாள் நோன்பு மாதம் தொடங்கியது; ஜூன் 15 பெருநாள். வியாபாரம் ஏறும் நேரத்தில் கல்லாவை மூடிவைத்துப் பழுது பார்க்க, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டார்.

“ஆறை அழிச்சிட்டு சைபர் போடணும், அவ்வளவுதானேம்மா?” என்று கேட்டார் எங்கள் வாடிக்கையாளரான ஒரு துணிக்கடைக்காரர். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால் ஜூன் 1இல் அந்த வரி ஒழியவில்லை. விகிதம்தான் சுழியம் ஆனது. பதிவு பெற்ற கடைகள் வரி ரசீது கொடுத்தாக வேண்டும், சுங்கத்துறைக்குக் கணக்குப் படிவம் அனுப்பியாக வேண்டும். மே 30இல் சேலை வாங்கியவர் ஜூன் 3இல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தால், மே மாதத்து 6 விழுக்காட்டையும் சேர்த்துத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும். அதாவது ஒரே கல்லா, ஒரே காலை, இரண்டு விகிதம். ஆறை அழித்தால் பழைய விற்பனைகளின் கணக்கெல்லாம் ஆடிப்போகும்.

இன்னொரு சிக்கல் கடைக்காரருக்குத் தெரியாதது. தெரியவேண்டிய அவசியமும் இல்லாதது. கடைகளில் அன்று ஓடிக்கொண்டிருந்த நிரல் வேறு, எங்கள் மேசையில் இருந்த நிரல் வேறு. தீபாவளிக்குள் கொடுத்துவிடலாம் என்று வாடிக்கையாளர் புள்ளிகள், புதிய சரக்குத் திரை என்று நிறையப் பிரித்துப் போட்டிருந்தோம். பாதி வேலை முடிந்திருந்தது, பாதி திறந்து கிடந்தது. அந்த நிலையில் அதில் வரியை மாற்றிக் கடைக்கு அனுப்பினால், அரைகுறை வேலையும் சேர்ந்தே போய்ச் சேரும்.

அந்த அரை மாதத்தில் எங்களைக் காப்பாற்றியவை பிராஞ்ச், டேக் என்ற இரண்டு ஏற்பாடுகள். நிரல் எழுதுகிறவர்கள் இவற்றை அன்றாடம் கையாள்கிறார்கள். வெளியே யாரும் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கடையில் ஒரு ரசீது வாங்குகிற எவருக்கும் இவற்றோடு சம்பந்தம் உண்டு என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா கிள்ளானில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். அவருடைய பேரேட்டில் அடித்தல் கிடையாது. தப்பாக ஒரு வரவு விழுந்துவிட்டால் அதை அழிக்கமாட்டார். கீழே புதிய வரியில் தேதியோடு திருத்தம் எழுதி, ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போடுவார். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. இன்று உலகில் மிகப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ‘கிட்’. லினக்ஸைத் தொடங்கிய லினுஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது அது. லினக்ஸ் குழுவினர் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகத் தொடர்ந்து பயன்படுத்த முடியாமல் போனபோது, சொந்தமாக ஒன்று தேவைப்பட்டது. சில நாள்களிலேயே கிட் தன்னுடைய மாற்றங்களைத் தானே பதிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் கமிட் என்று பெயர். அந்த நொடியில் நிரலின் எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தன, யார் மாற்றினார், எப்போது, ஏன், இதற்கு முந்தைய பதிவு எது என்பதெல்லாம் அதில் இருக்கும். இவை அனைத்தையும் கணக்கிட்டு 40 எழுத்துகளில் ஓர் அடையாளம் பிறக்கிறது. உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த அடையாளம் மாறிவிடும். முந்தைய பதிவின் அடையாளமும் இந்தக் கணக்கில் சேர்வதால், மூன்று வருடத்துக்கு முந்திய பதிவை யாராவது இரகசியமாகத் திருத்தினால் அதற்குப் பிந்திய எல்லாவற்றின் அடையாளங்களும் மாறிப்போகும். யாருக்கும் தெரியாமல் வரலாற்றைத் திருத்துவது கடினம்.

இப்போது பிராஞ்ச். இதைக் கேள்விப்பட்ட பலர், நிரல் முழுவதையும் இன்னொரு கோப்புறையில் நகல் எடுத்துவைப்பது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கிட்டில் அப்படி எதுவும் நகலாவதில்லை. ஒரு பிராஞ்ச் என்பது வழக்கமாக ஒரு சின்னஞ்சிறு கோப்பு. அதில் ஒரே ஒரு கமிட்டின் 40 எழுத்து அடையாளம் மட்டும் இருக்கும். ‘இந்த வேலை கடைசியாக இங்கே நிற்கிறது’ என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை. அந்த பிராஞ்சில் இருந்துகொண்டு புதிய கமிட் செய்தால் கோப்பில் உள்ள அடையாளம் தானாகப் புதியதற்கு நகரும். புதிய பிராஞ்ச் தொடங்க ஒரு நொடி போதும், வட்டில் இடமும் பிடிக்காது. அதனால்தான் ஒரு சின்ன யோசனையைச் சோதித்துப் பார்க்கக்கூட நாங்கள் தயங்காமல் ஒன்றைத் தொடங்குகிறோம். சரிப்பட்டால் பிரதான வரிசையோடு சேர்ப்போம். சரிப்படாவிட்டால் விட்டுவிடுவோம், யாருக்கும் நட்டமில்லை.

டேக் என்பதும் ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர்தான். வித்தியாசம் ஒன்றே: அது நகராது. 3.4.2 என்று இன்று ஒரு டேக் போட்டால், பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அது இன்றைய அதே நிரலைத்தான் காட்ட வேண்டும். டேக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் பெயர். ஒரு கமிட்டுக்குச் சூட்டிய செல்லப்பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் யார் போட்டார், எந்தத் தேதியில், எதற்காக என்ற குறிப்பும் சேர்ந்திருக்கும். விரும்பினால் மின்னணுக் கையொப்பமும் இடலாம். கடைக்குப் போகிற நிரலுக்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டாவது வகை மட்டுமே அனுமதி. “எந்தக் கடைக்கு, ஏன் போச்சுன்னு அதுலேயே எழுதிடு. அடுத்த வருசம் நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன், டேக் இருக்கும்” என்பார் எங்களுக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன். அவர் இப்போது அந்த அலுவலகத்தில் இல்லை. அவர் போட்ட டேக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவர் எழுதிய குறிப்பு, அரைகுறை மலாயும் தமிழும் கலந்து, படித்தால் உடனே புரிகிற மாதிரி.

சரி, 2018க்கு வருகிறேன். வரி மாற்றத்தை எங்கள் மேசையில் இருந்த நிரலில் செய்யக்கூடாது. கடைகளில் உண்மையில் ஓடிக்கொண்டிருந்த நிரலில்தான் செய்ய வேண்டும். அது எது? டேக் சொன்னது. அந்த டேக் காட்டிய கமிட்டிலிருந்து ஒரு புதிய பிராஞ்ச் தொடங்கினோம். டேக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு நிரலை மாற்றினால், அந்த மாற்றத்தை எந்த பிராஞ்சும் தாங்கிப் பிடிக்காது. வேறு இடத்துக்கு நகர்ந்த உடனே அது பெயரில்லாமல் தொலைந்துபோகும். கிட் இதை எச்சரிக்கவும் செய்யும். ஆகவே டேக்கிலிருந்து பிராஞ்ச், பிராஞ்சில் வேலை, வேலை முடிந்ததும் புதிய டேக். கடைக்குப் போனது அந்தப் புதிய டேக்கில் இருந்தது மட்டும். வாடிக்கையாளர் புள்ளியும் சரக்குத் திரையும் பிரதான பிராஞ்சில் தம் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

பிறகு மெர்ஜ், அதாவது அந்த வரி மாற்றத்தைப் பிரதான வரிசையோடு சேர்ப்பது. இதைத் தள்ளிப்போட்டால் வினை. கடையில் 0 விழுக்காடு, பிரதான நிரலில் இன்னும் 6 என்ற நிலை நீடித்தால், அடுத்த வெளியீட்டில் பழைய வரி மறுபடி எழுந்து வந்துவிடும். தொழிலில் உள்ள பலருக்கு இது தெரிந்த கதை. சரிசெய்த பிழை மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் அவசரத் திருத்தத்தைப் பிரதான பிராஞ்சில் சேர்க்காமல் விட்டிருப்பார்.

சேர்க்கும்போது ஓரிடத்தில் மோதல் வந்தது. அது எங்கே வந்தது என்பது மலேசியக் கடைகளை அறிந்தவர்களுக்குச் சுவையாக இருக்கும். 2008 ஏப்ரல் 1 முதல் இங்கே 1 சென் நாணயம் புழக்கத்திலிருந்து விலகியது. ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்க வேண்டும். 18 வெள்ளி 90 சென் பொருளுக்கு 6 விழுக்காடு வரி 1 வெள்ளி 13 சென். மொத்தம் 20.03. ரொக்கம் என்றால் 20.05, அட்டை என்றால் 20.03 ஆகவே இருக்கலாம். எங்கள் நண்பர் ஒருவர் பிரதான பிராஞ்சில் இந்த ரொக்கம், அட்டை வேறுபாட்டைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். அதே பத்து வரிகளை வரி பிராஞ்சும் தொட்டிருந்தது. இரண்டு பேர் ஒரே வரிகளை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் கிட் தானாக முடிவெடுப்பதில்லை. இரண்டு வடிவங்களையும் கோப்பிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, கோடு கிழித்து, ‘நீங்களே சொல்லுங்கள்’ என்று நின்றுவிடும். எனக்கு அதில் மிகவும் பிடித்த குணம் இதுதான். ஒருவரைக் கேட்காமல் அவர் வேலையை மற்றவர் வேலையால் மூடிவிடுவதில்லை. நண்பரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வரி முதலில், முழுமையாக்கல் கடைசியில் என்று அந்த வரிகளைப் புதிதாக எழுதினோம்.

செப்டம்பர் மாற்றம் இதைவிடக் கடினம். பொருள் சேவை வரிக்குப் பதிலாகப் பழைய விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பப்போகின்றன என்று தெரியும், செப்டம்பர் 1 என்ற தேதியும் தெரியும். ஆனால் சட்டங்களை மக்களவை நிறைவேற்றியது ஆகஸ்டில்தான். இடைப்பட்ட வாரங்களில் ஒரு பிராஞ்ச் முடியாமல் திறந்தே கிடந்தது. நீண்டநாள் தனியாக ஓடும் பிராஞ்ச் ஆபத்தானது. பிரதான நிரல் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும், இது இன்னொரு பக்கம். சேர்க்கும் நாளில் எங்கும் மோதலாக இருக்கும். அதனால் வாரந்தோறும் பிரதான பிராஞ்சில் வந்த மாற்றங்களை இதற்குள் இழுத்துக்கொண்டே இருந்தோம். சலிப்பான வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும் மோதல் சிறியதாக இருந்தது, காரணமும் நினைவில் இருந்தது.

புதிய வரி வந்ததும் கடைக்குக் கடை பில் வேறாகிப்போனது. விற்பனை வரி தொழிற்சாலையிலும் இறக்குமதியிலும் விதிக்கப்படுவது. ஆகவே துணிக்கடையின் ரசீதில் வரி என்ற வரியே காணாமல் போனது. உணவகத்துக்குச் சேவை வரி 6 விழுக்காடு. அதுவும் ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் மட்டும். ஒரே தெருவில் வாழையிலைச் சாப்பாடு போடும் இரண்டு கடைகளில் ஒன்று வரி வாங்கும், மற்றது வாங்காது. அப்போது அலுவலகத்தில் எழுந்த யோசனை எல்லாருக்கும் எளிதாகத் தோன்றியது: துணிக்கடைக்கு ஒரு பிராஞ்ச், பெரிய உணவகத்துக்கு ஒன்று, சின்ன உணவகத்துக்கு ஒன்று.

அண்ணன் ஒரேயடியாக மறுத்தார். இன்று யோசித்தால், எங்கள் தொழிலில் நான் கேட்ட மறுப்புகளில் அதைவிட விலைமதிப்புள்ளது வேறில்லை. பிராஞ்ச் என்பது ஒருநாள் முடிந்து பிரதான வரிசையோடு சேரவேண்டிய வேலைக்கு உரியது. துணிக்கடையும் உணவகமும் என்றைக்கும் சேரப்போவதில்லை. கடைக்கொரு பிராஞ்ச் வைத்தால், ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்தாலும் அத்தனை பிராஞ்சிலும் தனித்தனியே திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் ஒரு கடை மட்டும் தப்பாகக் கணக்குப் போடும். வேறுபாடு நிரலில் இருக்கக்கூடாது, அமைப்புகளில் இருக்க வேண்டும் என்றார். அப்படியே ஓர் அட்டவணை உருவானது: எந்த வகை வியாபாரம், எந்த விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை. 2024 மார்ச் 1இல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கும் குடிபானத்துக்கும் 6 ஆகவே நீடித்தது. எங்களுக்கு அது அட்டவணையில் சில வரிகள். அதற்கும் டேக் போட்டோம். எந்த நாளில் எந்த அட்டவணை கடைக்குப் போனது என்று தெரிய வேண்டும் அல்லவா.

வேறுபாட்டை அமைப்புகளில் வைக்கும் இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. தேதி, எண், நாணயம் ஆகியவற்றை எந்த மொழியில் எந்த நாட்டில் எப்படி எழுதுவது என்பதை யூனிகோட் கூட்டமைப்பு சிஎல்டிஆர் என்ற தரவுத்தொகுப்பில் பராமரிக்கிறது. கைப்பேசிகளும் கணினிகளும் அதிலிருந்துதான் கற்றுக்கொள்கின்றன. தமிழுக்கு அதில் ஒரு பெரிய கோப்பு. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழுக்குத் தனித்தனியே சிறிய கோப்புகள். அவற்றில் வேறுபாடுகள் மட்டும். தமிழ்நாட்டில் 1,00,000 என்று காற்புள்ளி இடுவார்கள்; நாம் 100,000 என்று இடுகிறோம். நம் வெள்ளிக்கு ஆர்எம் என்ற குறியீடு. இவை போன்றவைதான் மலேசியக் கோப்பில் உள்ளவை. நாட்டுக்கொரு பிராஞ்ச் அங்கே இல்லை. எல்லா மொழிகளும் எல்லா நாடுகளும் ஒரே வரிசையில், வேறுபாடு தரவில். ஆண்டுக்கு இருமுறை வெளியீடு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு டேக். 44ஆவது வெளியீடு 2023 அக்டோபரில் வந்தது. அன்று மலேசியத் தமிழ் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பும் எவரும் அந்த டேக்கைத் திறந்து பார்க்கலாம். வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள்.

சிஎல்டிஆர் 2019இல்தான் கிட்டுக்கு மாறியது. அதற்கு முன் அது இருந்தது சப்வெர்ஷன் என்ற மென்பொருளில். என் வயதுக்காரர்கள் பலர் தொழில் தொடங்கியதும் அதில்தான். அதில் டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்று மூன்று கோப்புறைகள் வைப்பது வழக்கம். வழக்கம் மட்டுமே, கட்டாயம் இல்லை. டேக் போடுவது என்றால் டிரங்கை டேக்ஸ் கோப்புறைக்குள் நகலெடுப்பது. அந்த நகலுக்குள் போய் யாராவது ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், தனியாகக் காவல் போட்டிருந்தால் ஒழிய, சப்வெர்ஷன் அதை ஏற்றுக்கொள்ளும். மாற்றம் வரலாற்றில் பதிவாகும் என்பது உண்மை. ஆனால் டேக் என்ற பெயரில் இருந்த நிரல் நேற்று இருந்தது அல்ல. நகராமல் இருப்பது மனிதர்களின் கட்டுப்பாட்டை நம்பியே இருந்தது.

கிட்டிலும் ஒரு டேக்கை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொரு கமிட்டுக்குப் போட முடியும். முடியும் என்பதற்காகச் செய்யக்கூடாது. டேக் ஒருமுறை மற்றவர்களைச் சென்றடைந்துவிட்டால் அவர்கள் கணினியில் பழையது தங்கியிருக்கும். 2018 டிசம்பரில் வந்த கிட் 2.20 முதல், ஏற்கெனவே இருக்கும் டேக்கைப் புதியதால் மாற்ற அது தானாக ஒப்புவதில்லை, வற்புறுத்தினால்தான் மாற்றும். விளைவு, ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் உலாவத் தொடங்கும். 3.5.0இல் பிழை இருந்தால் 3.5.1 என்று புதியது போடுங்கள். எண்களுக்குப் பஞ்சமில்லை. இன்னொன்றும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும்: வேலையை மையக் கணினிக்கு அனுப்பும்போது டேக்குகள் தாமாகக் கூடப் போவதில்லை, தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் இருக்கும் டேக், அந்த மடிக்கணினி இருக்கும்வரைதான் இருக்கும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு கடை காரணம். அது எங்கள் வாடிக்கையாளராக வருவதற்கு முன் வேறொருவரின் மென்பொருளைப் பயன்படுத்தியது. பொருள் சேவை வரி நீக்கப்பட்டபோது, கடைசிக் கணக்குப் படிவத்தை 120 நாள்களுக்குள் தரவேண்டும் என்றது சட்டம். வரி போன பிறகும் பழைய கணக்குகளைச் சுங்கத்துறை தணிக்கை செய்தது. கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடையின் அக்கா எல்லா ரசீது நகல்களையும் மாதவாரியாகக் கட்டி, பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு தாள்கூடத் தொலையவில்லை. ஆனால் மே மாதக் கடைசியில் சில ரசீதுகளில் வரித்தொகை சில சென் வித்தியாசமாக இருந்தது. ஏன் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. நிரலை எழுதியவரைக் கேட்டார். அவரிடம் இருந்தது அன்றைய நிரல் மட்டும். மே மாதம் எந்த நிரல் ஓடியது, யார் எப்போது மாற்றினார் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. “நான் ஒழுங்காத்தான்மா எல்லாத்தையும் கட்டி வச்சேன்” என்று அந்த அக்கா எங்களிடம் சொன்னபோது குரல் தழுதழுத்தது. எனக்குக் கோபம் வந்தது, இன்றும் தணியவில்லை. தாளைக் காப்பாற்றும் கடமையைச் சட்டம் கடைக்காரர்மேல் வைக்கிறது. அந்தத் தாளில் உள்ள எண் எப்படி வந்தது என்று சொல்லும் கடமை எங்கள்மேல் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு டேக். எழுத அரை நிமிடம்.

பிராஞ்ச்களை எப்படி அமைப்பது என்பதில் எங்கள் துறையில் ஓயாத விவாதம் உண்டு. நெதர்லாந்தின் வின்சென்ட் டிரீசன் 2010 ஜனவரியில் கிட்-ஃப்ளோ என்ற ஒரு முறையை எழுதினார். பிரதானம், வளர்ச்சி, வெளியீடு, அவசரத் திருத்தம் என்று பல பிராஞ்ச்கள் உள்ள முறை. உலகமே அதைப் பின்பற்றியது. பத்து ஆண்டு கழித்து அவரே ஒரு குறிப்புச் சேர்த்தார்: இடைவிடாமல் புதுப்பிக்கப்படும் இணையச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறை போதும், பல பதிப்புகள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கும் மென்பொருளுக்கு இது இன்னும் பொருந்தலாம் என்று. கடைக் கல்லாக்கள் இரண்டாம் வகை. கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் வரை போனால், எங்கள் நிரலின் வெவ்வேறு பதிப்புகள் ஓடும் கடைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒருவர் நேற்றுப் புதுப்பித்திருப்பார்; இன்னொருவர், “ஓடுற குதிரையை ஏம்மா அடிக்கிற?” என்று இரண்டு வருடமாகப் பழையதையே வைத்திருப்பார். இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றால் இருவருடைய டேக்கும் எங்களிடம் இருக்க வேண்டும். வேலை முடிந்து சேர்ந்துவிட்ட பிராஞ்ச்களை நாங்கள் தயங்காமல் நீக்கிவிடுகிறோம்; அவற்றின் கமிட்டுகள் பிரதான வரிசையில் பத்திரமாக இருக்கும். டேக்கை மட்டும் யாரும் தொடுவதில்லை.

இப்போது மின் விலைப்பட்டியல் வந்திருக்கிறது. உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1இல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவற்றுக்கும் விரிவாக்கி, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் இறங்கிவந்தது. வாரியத்தின் விலைப்பட்டியல் வடிவத்துக்கே 1.0, 1.1 என்று இரண்டு பதிப்புகள், 1.1இல் மின்னணுக் கையொப்பமும் சரிபார்க்கப்படும். மின் விலைப்பட்டியல் கடைக்குள் மட்டும் தங்குவதில்லை, சரிபார்ப்புக்காக வாரியத்தின் கணினிக்குப் போகிறது. பிழை நேர்ந்தால் அது எந்த நிரலில் பிறந்தது என்ற கேள்வி உடனே எழும்.

கடை வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ரசீதின் அடியில் மென்பொருளின் பதிப்பு எண் அச்சாகிறதா என்று பாருங்கள். எங்கள் ரசீதுகளில் நன்றிச் சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கும். அதுதான் டேக்கின் பெயர். இல்லையென்றால் உங்களுக்கு மென்பொருள் தருபவரிடம் போடச் சொல்லுங்கள். பழைய ரசீது ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதைப் போட்ட நிரலை எனக்கு எடுத்துக் காட்டமுடியுமா என்றும் கேளுங்கள். ஒழுங்காக டேக் வைத்திருப்பவருக்கு அது ஒரு கட்டளை தட்டும் நேரம். ‘பார்த்துச் சொல்றேன்’ என்று நாள் கேட்டால், உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் அதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.